பாபினுக்கு மூச்சு முட்டுகிறது

“ஐயோ, ஊசி! ஊசிய முழுங்கிட்டான்!”

மருமகள் போட்ட சத்தத்தில் மாமியாரின் மிஷின் பாதித் தையலில் நின்றது. மாஸ்டரின் கத்திரி துணிக்குள் போனது போனபடியே நின்றது.

கட்டிங் மேஜைக்கு அடியில் பாபின் நான்கு கால்களையும் அகட்டி வைத்து, கழுத்தை முன்னால் நீட்டி இருமிக்கொண்டிருந்தான். சாதாரண இருமல் இல்லை. வாத்து கத்துவது போல வறட்டுச் சத்தம். ஒவ்வொரு இருமலுக்கும் உடம்பு தலையிலிருந்து வால் வரை குலுங்கியது. கடைசியில் எதையோ கக்கப்போவது போல ஓங்கரித்தான். ஒன்றும் வரவில்லை.

மிஷினுக்குள் நூல் சுற்றிப் போடுகிற குட்டி உருளைக்கு பாபின் என்று பெயர். அதையே இந்தப் பொடிசுக்கும் வைத்தவர் மாஸ்டர். வெள்ளையும் பழுப்புமாய்ப் புசுபுசுவென்று ஒரு பொமரேனியன். மாஸ்டர் என்பவர் மருமகளின் மாமனார். கத்திரியைக் கையில் எடுத்த நாளிலிருந்து எல்லோருக்கும் அவர் மாஸ்டர்தான். பெற்ற பிள்ளையே சில சமயம் அப்படிக் கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வான்.

போன வாரம்தான் மாமியார் ஒரு மிரட்டல் விட்டிருந்தாள். “இன்னொரு தடவை இந்த நாயால வேலை நின்னுச்சுன்னா, என் தங்கச்சி வீட்டுக்கு ஏத்தி விட்டுட்டுதான் மறுவேலை” என்று சொல்லிவிட்டுக் கதவை அறைந்து சாத்தினாள். அன்றைக்கு மாஸ்டர் இரவெல்லாம் நாயின் தலையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இன்றைக்குப் பார்த்து வேலை நின்றது. ஓட்டல்காரர்களின் யூனிஃபார்ம் மொத்தமும் நாளைக் காலையில் போயாக வேண்டும். பட்டன் போதாமல் வாங்கி வரப் போன மகன் இரவுதான் திரும்புவான்.

ஆனால் மாமியார் இப்போது வேலையைப் பற்றிப் பேசவில்லை.

“என்னது, ஊசியா? யாரோட டப்பா ஊசி?”

மருமகள் தன் டப்பாவைக் காட்டினாள். “என்னோடதுதான் அத்தை.”

இந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டு. தைக்கிறவர்கள் ஆளுக்கொரு குண்டூசி டப்பா வைத்திருப்பார்கள். வேலை முடிந்ததும் அவரவர் டப்பாவை எண்ணிக் காட்ட வேண்டும். ஒன்று குறைந்தாலும் அது கிடைக்கிறவரைக்கும் யாரும் சாப்பிட உட்காரக் கூடாது. எப்போதோ ஒரு மாப்பிள்ளையின் புதுக் கோட்டுக் காலரில் ஊசி தங்கிப்போய், மேடையில் வைத்து அவன் கழுத்தைக் குத்திவிட்டதாம். அன்றிலிருந்து இந்தச் சட்டம்.

நேற்று மாலை மருமகளின் டப்பாவில் ஒன்று குறைந்தது. எல்லோரும் பசியில் இருந்தார்கள். அவள் புதுப் பாக்கெட்டைப் பிரித்து, ஓர் ஊசியை எடுத்துத் தன் டப்பாவில் போட்டு எண்ணிக் காட்டிவிட்டாள். கணக்கு சரியாக இருந்தது. எல்லோரும் சாப்பிட்டார்கள்.

அதை இப்போது அவள் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். மாமியார் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஒரே ஒரு பார்வை பார்த்துவிட்டு, பாபினின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

“ரொட்டி எடுத்துட்டு வா. ஒரு வாய் முழுங்கினா ஊசி அதோட கீழ இறங்கிடும்.”

மருமகள் ஓடிப்போய் எடுத்து வந்தாள். மாமியார் பாபினின் வாயைத் திறந்து ரொட்டித் துண்டைத் திணித்தாள். அவன் அதைத் துப்பினான். மறுபடியும் திணித்தாள். இந்த முறை இருமல் இன்னும் மோசமானது. இருமலுக்கும் இருமலுக்கும் நடுவில் மூச்சை உள்ளே இழுக்கவே அவன் படாத பாடு பட்டான்.

“நீ விடு, நான் பாக்கறேன்” என்று மாஸ்டர் மண்டியிட்டார். ஆள்காட்டி விரலை உள்ளே விட்டுத் துழாவினார். “தட்டுப்படலையே... இன்னும் உள்ள போயிருச்சோ?”

அவன் தலையை உதறிக்கொண்டு பின்னால் நகர்ந்தான். மாஸ்டர் விடாமல் கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்தார்.

அப்போதுதான் மருமகள் அந்த நாக்கைப் பார்த்தாள். எப்போதும் ரோஜா நிறத்தில் வெளியே தொங்குகிற நாக்கு, நாவல்பழம் தின்றது போல நீலம் பாரித்திருந்தது.

“மாமா, கைய எடுங்க! நாக்கப் பாருங்க மாமா!”

மாஸ்டர் கையை எடுத்தார். பாபின் இரண்டு அடி நடந்தான். பின்னங்கால்கள் மடங்கின. வெட்டிப் போட்ட துணித் துண்டுகளின் மேல் பக்கவாட்டில் சாய்ந்தான்.

மாஸ்டர் அப்படியே மண்டியிட்டபடி இருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. “போயிட்டானா?” என்று கேட்டார். யாரிடம் கேட்டார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

மருமகள் ஸ்கூட்டர் சாவியை ஆணியிலிருந்து உருவினாள். “இன்னும் வயிறு அசையுது மாமா. தூக்குங்க, போலாம்.”

* * *

ஸ்கூட்டரில் அவள் அந்த வேகத்தில் போனதே இல்லை. பின்னால் மாஸ்டர் பாபினை மார்போடு அணைத்து உட்கார்ந்திருந்தார். “மூச்சு விடுடா... விடுடா கண்ணா... இந்தா வந்துட்டோம்” என்று அவர் சொல்லிக்கொண்டே வந்தது ஹெல்மெட்டைத் தாண்டியும் அவளுக்குக் கேட்டது.

சிவப்பு விளக்கில் நிற்க வேண்டியதாயிற்று. பக்கத்து வண்டிக்காரர் எட்டிப் பார்த்து, “நாய்க்கு என்னங்க?” என்று கேட்டார். மாஸ்டரின் கண் பாபினின் வயிற்றிலேயே இருந்தது.

மருமகளுக்கு மனசு முழுக்க அந்த ஒற்றை ஊசிதான். தேடியிருந்தால் ஐந்து நிமிஷ வேலை. சோம்பல்பட்டு ஓர் உயிரைக் கொன்றுவிட்டோம் என்றே முடிவு கட்டியிருந்தாள். இந்த வீட்டுக்கு வந்து ஒன்றரை வருஷத்தில் மாமியார் அவளை ஒரு சொல் சொன்னதில்லை. இனிமேல் சொல்லட்டும், காலம் முழுக்கச் சொல்லட்டும், இந்த நாய் மட்டும் பிழைத்துவிட்டால் போதும் என்று வேண்டிக்கொண்டாள்.

டயர் கடைக்குப் பக்கத்தில் பிராணிகள் மருத்துவமனை. வரிசையில் ஒரு பூனையும் இரண்டு நாய்களும் காத்திருந்தன. மாஸ்டரின் கையில் இருந்ததைப் பார்த்ததும் வரிசை தானாக ஒதுங்கி வழிவிட்டது.

டாக்டரம்மா சின்ன உருவம், பெரிய குரல். “என்ன ஆச்சு?”

“குண்டூசிய முழுங்கிட்டான் டாக்டர்.”

“முழுங்கினத நீங்க பாத்தீங்களா?”

“பாக்கல. ஆனா...”

“அப்ப முழுங்கிட்டான்னு சொல்லாதீங்க. என்ன பாத்தீங்களோ அத மட்டும் சொல்லுங்க.”

மருமகள் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் டாக்டரம்மா பாபினின் உதட்டை விலக்கி ஈறைப் பார்த்தார். மூக்கருகே ஆக்சிஜன் குழாயைப் பிடிக்கச் சொல்லி உதவியாளரிடம் கொடுத்தார். கழுத்துப் பட்டையைக் கழற்றப் பார்த்தார். அது முடிக்குள் புதைந்து கிடந்தது. கொக்கி அசைந்து கொடுக்கவில்லை.

“யாருங்க இத இவ்ளோ இறுக்கமா மாட்டினது? கத்திரி கொண்டாங்க!”

“என்கிட்ட இருக்கு” என்றார் மாஸ்டர்.

சட்டைப்பையிலிருந்து நூல் நறுக்குகிற குட்டிக் கத்திரியை எடுத்தார். நீலத் தோலில் இரட்டைத் தையல் போட்டு, ஓரத்தில் வெள்ளை நூலால் பூ வேலை செய்து, பாபினுக்கென்று அவரே தைத்த பட்டை அது. தெருவில் பார்த்தவர்கள் எல்லாம் எங்கே வாங்கினது என்று கேட்ட பட்டை. கழுத்துக்கும் பட்டைக்கும் நடுவே விரலைக் கொடுத்து, தையல் போட்ட இடமாகப் பார்த்து நறுக்கினார். மூன்றாவது நறுக்கில் பட்டை அறுந்து விழுந்தது.

ஓர் ஊசி போட்டார்கள். அமைதிப்படுத்துவதற்காம். அதற்கப்புறம் செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் மூன்று பேரும் அந்தக் குட்டி வயிறு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நாக்கின் நீலம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, வெளிறிய சிவப்பு வந்தது. மருமகள் அதுவரை தானும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்ததை அப்போதுதான் உணர்ந்தாள்.

“இப்ப எக்ஸ்ரே எடுக்கலாம்” என்றார் டாக்டரம்மா.

* * *

எக்ஸ்ரேயில் ஊசி இல்லை. தொண்டையிலும் இல்லை, வயிற்றிலும் இல்லை.

மருமகளுக்கு அழுகை வந்தது. வெட்கத்தைப் பார்க்காமல் அழுதாள்.

“அழறதுக்கு முன்னாடி இதப் பாருங்க” என்று டாக்டரம்மா படத்தில் ஒரு கோட்டைக் காட்டினார். “இது மூச்சுக் குழாய். இந்த எடத்துல ஒடுங்கியிருக்கு பாருங்க. இந்தச் சின்ன ஜாதி நாய்ங்களுக்கு வயசாக ஆக இப்படி வர்றது உண்டு. சார் என்ன வேலை பாக்கறீங்க?”

“டெய்லர்.”

“சட்டக் காலர் நிக்கறதுக்கு உள்ள கேன்வாஸ் வெக்கிறீங்கல்ல?”

“ஆமா.”

“அது நைஞ்சு போனா என்ன ஆகும்?”

“காலர் நிக்காது. படுத்துக்கும்.”

“அதேதான். மூச்சுக் குழாயச் சுத்தி வளையம் வளையமா இருக்கும். அது பலவீனமாயிடுச்சு. இவன் குஷியானாலோ, யாராவது கழுத்தப் புடிச்சு இழுத்தாலோ, வெயில்ல அலைஞ்சாலோ குழாய் படுத்துக்குது. அதான் வாத்து மாதிரி இருமுறான். நீங்க என்ன பண்ணீங்க? ஏற்கெனவே மூச்சு முட்டறவன் வாயில ரொட்டியத் திணிச்சீங்க, விரல விட்டீங்க. நல்லவேளை, தாங்கினான்.”

மாஸ்டர் அறுந்த பட்டையைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். “ஒரு விரல் எடம் விட்டுதான் டாக்டர் தச்சேன்.”

“எப்ப?”

“வந்த புதுசுல. ரெண்டு வருஷம் இருக்கும். அப்பவே இவனுக்கு ஆறு வயசு.”

“அப்ப இருந்த நாயா இவன்? நல்லா வளத்திருக்கீங்க. ஒண்ணரைப் பங்கு ஆயிட்டான்.”

மாஸ்டர் பட்டையின் நீளத்தை விரலால் அளந்தார். பழைய அளவுக்கே தைத்துக் கொடுங்கள் என்று வருகிற எந்த வாடிக்கையாளரையும் அவர் விட்டதில்லை. நிற்க வைத்து, டேப்பைப் போட்டு, புதிதாக அளவெடுத்துவிட்டுத்தான் மறுபேச்சு. அப்படிப்பட்ட மனுஷன் தன் செல்லத்தின் கழுத்தைத் திரும்ப அளக்கவே இல்லை. காலையும் மாலையும் அந்தக் கழுத்தில் கயிற்றைக் கட்டித்தான் நடக்கக் கூட்டிப் போனார்.

“ஊருக்கெல்லாம் சொல்றேனே” என்று முணுமுணுத்தார். “என் புத்திய எங்க கொண்டு போய் வெச்சேன்?”

“விடுங்க மாமா. நீங்க வேணும்னா செஞ்சீங்க?” என்றாள் மருமகள்.

அந்த நேரத்தில் அவள் போன் அடித்தது. மாமியார்.

“ஊசி கிடைச்சிருச்சு.”

“எங்க அத்தை?”

“என் செருப்புல. அடியில குத்திக்கிட்டு இருந்திருக்கு. அத மிதிச்சுக்கிட்டேதான் காலைலேர்ந்து நான் உலாத்தியிருக்கேன்.” பிறகு, யாரோ வலுக்கட்டாயமாகச் சொல்ல வைத்தது போல, “அவன் எப்படி இருக்கான்?”

“மூச்சு விடறான் அத்தை.”

“ம்” என்று போனை வைத்துவிட்டாள். அந்த ‘ம்’மில் மூக்கை உறிஞ்சுகிற சத்தமும் சேர்ந்தே வந்தது.

டாக்டரம்மா எழுதுவதற்குப் பேனாவை எடுத்தார். “இருமல் எத்தனை நாளா இருக்கு?”

“மூணு மாசம் இருக்கும்” என்றாள் மருமகள். “ஆள் யாராச்சும் வந்தா குதிப்பான், உடனே இருமுவான். நாங்ககூடச் சிரிப்போம். அப்புறம் விடிகாலைல தெனமும் இருமுவான். மாடில படுத்திருக்கற எங்களுக்கே கேக்கும்.”

“விடிகாலைலயா? இதே வாத்துச் சத்தமா?”

அவள் யோசித்தாள். “இல்ல... அது கொஞ்சம் கனமா இருக்கும். சளி கட்டின மாதிரி. ரொம்ப நேரம் நிக்காது.”

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். மறுபடியும் பாபினின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நெடுநேரம் கேட்டார். எக்ஸ்ரேயை இன்னொரு தரம் பார்த்தார்.

“இதயம் நல்லா அடிக்குது. நுரையீரல் சுத்தமா இருக்கு. சளியோட இருமற நாய் இல்லையே இது.”

“வயசான நாய்தானே டாக்டர்” என்றார் மாஸ்டர் அவசரமாக. “எல்லா மாதிரியும்தான் இருமும்.” சொல்லிவிட்டுச் சுவரில் ஒட்டியிருந்த பூனைப் படத்தை, அதற்குக் கோட்டுத் தைக்கப் போகிறவர் மாதிரி உற்றுப் பார்க்க ஆரம்பித்தார்.

“மருந்து ஏதாவது குடுத்தீங்களா?”

“இருமல் மருந்து. எப்பவாவது... ஒரு அரை மூடி.”

“மனுஷங்க குடிக்கிறதா?” டாக்டரம்மாவின் குரல் அறையைத் தாண்டி வரிசையில் இருந்த பூனை வரைக்கும் போயிற்று. “அதுல இருக்கற சில சரக்கு இவனக் கொன்னே போட்டுடும் சார்! இனிமே ஒரு சொட்டு குடுக்கக் கூடாது. கழுத்துல பட்டையே கூடாது. நெஞ்சச் சுத்திப் போடற பட்டைதான். எடையக் குறைக்கணும். தையல் ரூம் தூசி, அயர்ன் ஆவி, எதுவும் கிட்ட வரக் கூடாது.”

மாஸ்டர் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். பள்ளிக்கூடத்தில் திட்டு வாங்குகிற பிள்ளை மாதிரி நின்றார். மருமகளுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

“பிழைச்சுக்குவான்ல?” என்று கடைசியில் கேட்டார்.

“இப்பவே சொல்ல மாட்டேன். குழாய் உள்ள வீங்கியிருக்கு. ராத்திரி தாண்டணும். ஆக்சிஜன் பெட்டியில வெச்சுப் பாத்துக்கறோம். நீங்க வீட்டுக்குப் போங்க.”

“நான் இங்கயே ஒரு ஓரமா உக்காந்துக்கறேன். தொந்தரவே பண்ண மாட்டேன்.”

“சார், உங்களப் பாத்தா என்ன செய்வான்?”

“வாலாட்டுவான். எந்திரிச்சு நிப்பான்.”

“நிப்பான், குதிப்பான், இருமுவான். இன்னிக்கு இன்னொரு தடவை அந்த மாதிரி இருமினா நான் பொறுப்பில்ல. உங்க மூஞ்சி அவன் கண்ணுல படாம இருக்கறதுதான் இன்னிக்கு அவனுக்கு மருந்து.”

கண்ணாடிப் பெட்டிக்குள் பாபின் அரைத் தூக்கத்தில் கிடந்தான். கழுத்தில் பட்டை இருந்த இடத்தில் முடி அழுந்திப்போய் வரி விழுந்திருந்தது. மாஸ்டர் கதவோரமாக நின்று, அவன் கண்ணைத் திறப்பதற்குள் திரும்பிக்கொண்டார். ஸ்கூட்டர் வரைக்கும் வேகமாக நடந்தார்.

* * *

வீட்டுக்கு வந்தபோது வெயில் இறங்கியிருந்தது.

தையல் அறை பளிச்சென்று இருந்தது. துணுக்குத் துணிகள் ஒன்றில்லாமல் பெருக்கி, தரையை ஈரத் துணியால் துடைத்திருந்தாள் மாமியார். மேஜைக்கு அடியில் கிடந்த பாபினின் மெத்தையைக் காணோம்.

மாஸ்டரின் முகம் மாறியது. “மெத்தை எங்க? இல்லாதப்பவே தூக்கிப் போட்டுட்டியா?”

“முன் ரூம்ல ஜன்னல் பக்கம் போட்டிருக்கேன்” என்றாள் மாமியார் மிஷினைவிட்டுத் தலை நிமிராமல். “இங்க தூசி. அங்கதான் நல்ல காத்து வரும்.”

மாஸ்டர் அவளைப் பார்த்தபடி நின்றார். பிறகு முகம் கழுவப் பின்பக்கம் போனார்.

மருமகள் தன் மிஷினில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் எழுந்து மாமியாரிடம் வந்தாள். “அத்தை, நேத்து நான் பண்ணினது தப்பு.”

“தப்புதான். கணக்கு குறைஞ்சா குறைஞ்சதுன்னு சொல்லணும். மூடி மறைச்சா பின்னால யாருக்கு வினையா முடியும்னு தெரியாது.” மாமியார் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். “நான் ரொட்டியத் திணிச்சேனே, அதுக்கு என்ன சொல்றது? போ, போய் உக்காரு. அவன் நல்லபடியா வரட்டும். யாரையும் எங்கயும் அனுப்பற பேச்சே இனி இந்த வீட்ல இல்ல.”

மருமகளுக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. இரண்டு மிஷின்களும் ஓட ஆரம்பித்தன. ஓட்டல்காரர்களின் சட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கில் ஏறின. கிளினிக்கிலிருந்து போன் வரவில்லை. வராத வரைக்கும் நல்லது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அதனால் மருமகள் போனைக் கண்ணெதிரிலேயே வைத்துக்கொண்டு, அது அடித்துவிடக் கூடாதே என்று தைத்தாள்.

அப்போது பின்பக்கத்திலிருந்து இருமல் கேட்டது.

கனமான இருமல். சளி கட்டிய இருமல். ஒன்று, அடுத்தது, அதை விழுங்கிக்கொண்டு இன்னொன்று என்று நிற்காமல் வந்தது.

“ஆரம்பிச்சிட்டான் பாரு இவன்” என்றாள் மாமியார், கை பாட்டுக்குத் துணியை நகர்த்திக்கொண்டே.

சொன்ன பிறகுதான் அவள் கை நின்றது. மருமகளின் காலும் பெடலில் நின்றது. இரண்டு பேரும் திறந்திருந்த கதவு வழியாக முன் அறையைப் பார்த்தார்கள். ஜன்னலோரம் மெத்தை காலியாக இருந்தது.

பின்னால் குழாயை முழுதாகத் திறந்துவிடுகிற சத்தம் கேட்டது. தண்ணீர் ஊற்றுகிற சத்தத்துக்கு அடியில் இருமல் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. மாமியார் மெதுவாக எழுந்து நின்றாள். முகம் சுண்ணாம்பாக வெளுத்துப் போயிருந்தது. மருமகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை சில்லென்று இருந்தது.

குழாய் நின்றது. கதவு திறந்தது. துண்டால் வாயை அழுத்தித் துடைத்தபடி மாஸ்டர் வெளியே வந்தார். எதிரே இரண்டு பெண்களும் நிற்பதைப் பார்த்ததும், மூன்று மாதமாகச் சொல்லிச் சொல்லி நாக்கில் பழகிப்போன பொய் தன்னால் வந்து விழுந்தது.

“ஒண்ணுமில்ல. பாபின்தான் இருமறான்.”